மதுரையா, தூத்துக்குடியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, ஏர்வாடிப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான்: பிள்ளையைக் காலேஜுக்கு எங்கே அனுப்புவது?

போக்குவரத்து: மதுரைக்கு ராமநாதபுரத்திலிருந்து ரயில். தூத்துக்குடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ். சாயல்குடிக்காரர்களுக்கு அதுதான் பக்கம்.

படிப்பு: மதுரையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1966இல் வந்த காமராசர் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி என்று தேர்வு அதிகம். ஆனால் மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில், 1977 முதல். வலையும் படகுமாக வளர்ந்த பிள்ளை மார்க் வைத்திருந்தால் நான் அங்கேதான் அனுப்புவேன்.

பிழைப்பு: தூத்துக்குடியில் துறைமுகம், உப்பளம், மீன் ஏற்றுமதி. மதுரையில் ஆஸ்பத்திரி, ஜவுளி, கடைகள்.

திருவிழா: மதுரையில் சித்திரையில் அழகர், தூத்துக்குடியில் ஆகஸ்டில் பனிமய மாதா. சரி, மக்ரூன் இனிப்புக்காகத் தூத்துக்குடிக்கு ஒரு ஓட்டு கூடுதல்.

வக்கீல், வாத்தியார் ஆசையா? மதுரை. கப்பல், சரக்கு, மீன் என்றால் தூத்துக்குடி. இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கும் மதுரையே மேல். பாதியில் மனம் மாறினாலும் அங்கே வேறு வழி இருக்கும்.