ஸ்ட்ரெய்ட் கட் காட்டன் குர்த்தி: சைஸ் சரி, இடுப்பில் மட்டும் மடிப்பு

நான் வாங்கிய இந்தக் குர்த்தியின் விலை இறங்கியதும், "நமக்கு ஒரே சைஸ்தானே, நானும் வாங்கலாமா?" என்று தோழி கேட்டிருக்கிறார். துணியில் குறையே இல்லை. இத்தனை சலவைக்குப் பிறகும் சாயம் போகவில்லை, கழுத்துப்பட்டி நெளியவில்லை, சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு அவ்வளவு இதம். ஆனால் எம்.ஆர்.டி. ரயிலில் உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் மேலேறி இடுப்பில் சுருண்டு நிற்கிறது. இழுத்துவிட்டு நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி ஏறிவிடும்.

சைஸ் காரணமில்லை. கடையில் பார்ப்பது மார்பு, இடுப்பு, சீட் (பின்புறம் மிக அகலமான இடத்தின் சுற்றளவு) மூன்றும்தான். 36–30–40 என்றால் யாராக இருந்தாலும் "பேர் ஷேப்" (பேரிக்காய் வாகு) என்று முடித்துவிடுகிறார்கள். நான்காவது அளவு ஒன்று உண்டு: இடுப்புக்கு 3, 4 அங்குலம் கீழே, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் சுற்றளவு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான உடல்வாகு வகைப்பாடு இதை இடுப்பளவால் வகுக்கிறது. இதே மூன்று அளவுகளுக்கு விடை 1.193-ஐ எட்டினால் "ஸ்பூன்" வாகு. எட்டாவிட்டால் "பாட்டம் ஹவர்கிளாஸ்" வாகு. 30 இடுப்புக்கு எல்லை ஏறத்தாழ 35.8 அங்குலம். அங்கே 35 உள்ளவருக்கு உடல் மெல்லச் சரிந்து அகல்வதால் இந்தக் குர்த்தி அளவெடுத்துத் தைத்தது மாதிரி விழும். 37 உள்ளவருக்கு இடுப்பை ஒட்டியே படிபோல் அகன்றுவிடும். ஸ்லிட் திறப்பதோ அதற்கும் கீழே. துணி அந்த இடத்தில் இறுகி, இடம் தேடி மேலே ஏறுகிறது. ஒரு சைஸ் கூட்டினால் தோள் தொங்கும்.

அளக்கும்போது சுடிதார் நாடா முடிச்சின் மேல் டேப்பை வைக்காதீர்கள், அளவு கூடிவிடும். மெல்லிய எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றிக் கட்டிப் பக்கவாட்டில் வளையுங்கள்; அது போய் உட்காருமிடம்தான் இடுப்பு. கீழே அளக்க வேண்டியதெல்லாம் அங்கிருந்துதான்.

வாங்கியவர்கள் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தையலுக்கு வெளியே துணி விட்டிருந்தால், தேக்கா சந்தைக் கட்டட மாடியில் தையற்காரரிடம் இடுப்பிலிருந்து ஸ்லிட் வரை மட்டும் பிரிக்கச் சொல்லலாம். ஓர் ஓரத்துக்கு அரை அங்குலம் விட்டால், முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் சேர்ந்து 2 அங்குலம் கிடைக்கும். மார்புத் தையலைத் தொடவே கூடாது. ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் இதுவும் முடியாது. இவ்வளவு நல்ல துணியை இப்படி வெட்டித் தைத்திருக்கிறார்களே என்றுதான் ஆத்திரம்.

ஸ்பூன் வாகு என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மார்புக்குக் கீழே தையல் விழுந்து, அங்கிருந்தே விரியும் ஏ-லைன் எடுங்கள்.