பொலிகுதிரைக்கும் பெட்டைகளுக்கும் நடுவே ஒரு மின்வேலி: ஒன்றரை வருட அனுபவம்

இந்தப் பக்கம் மூன்று பெட்டைகள், அந்தப் பக்கம் ஒரு பொலிகுதிரை. நடுவில் என்ன வேலி போட்டிருக்கிறேன் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் வாங்கியது நாடா மின்வேலி செட். 2 ஜூல் எனர்ஜைசர் (வேலிக்கு விட்டு விட்டு மின் அடி அனுப்பும் மெஷின்), மெல்லிய உலோக இழைகள் ஓடும் 40 மில்லிமீட்டர் அகல வெள்ளை நாடா, இன்சுலேட்டர்கள், கேட்டுக்கு ஒரு ஸ்பிரிங் கைப்பிடி, மெஷினோடு இணைத்து மண்ணில் அடிக்கும் எர்த் கம்பி ஒரே ஒன்று. பொலிகுதிரைக்கும் இதுவே போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது. நம்பினேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு வேலியோரமே கதி என்று நின்றது. இவன் மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம். மூக்கும் மூக்கும் உரசிய நேரத்தில், பருவத்தில் இல்லாத இன்னொரு பெட்டை இடையில் புகுந்து கிறீச்சிட்டு முன்னங்காலை வீசியது. கால் நாடாவுக்கு மேலே போய் மாட்டியது. நாடா அறுந்தது, காலில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பி வேலியாக இருந்திருந்தால் அன்றைக்குத் தையல்தான். அந்த ஒரு விஷயத்துக்காகவே நாடாவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் ஒற்றை வேலி போதாது. இப்போது இரண்டு வரிசை, நடுவில் நான்கு மீட்டர் சந்து. மூக்கு எட்டாது, கால் எட்டாது. இவன் பக்கத்து வரிசை ஐந்தடிக்கு மேல் உயர மரவேலி. உள்பக்கமாக நெஞ்சு உயரத்தில் ஒரு நாடா, உச்சியில் ஒரு நாடா. மரத்தில் சாய்ந்து தள்ளும் பழக்கம் ஒரே வாரத்தில் போய்விட்டது.

எர்த் விஷயத்தில்தான் செட் கோட்டை விட்டது. மண் காய்ந்ததும் லைன் கடைசியில் வோல்ட் அளக்கும் டெஸ்டர் 1,800 வோல்ட் காட்டியது. குதிரைக்கு 3,000-க்குக் கீழே இறங்கவே கூடாது. மெஷினில் விளக்கு மட்டும் ஜோராக மின்னிக்கொண்டிருந்தது; மெஷின் ஓடுகிறது என்பதற்குத்தான் அந்த விளக்கு, நாடாவில் அடி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. இவனுக்கோ எப்படியோ தெரிந்துவிட்டது, நாடாவுக்கு அடியில் கழுத்தை நீட்டிப் புல் கடிக்க ஆரம்பித்துவிட்டான். ஆறடி கால்வனைஸ்டு கம்பி மூன்றை, பத்தடி இடைவெளியில் அடித்துத் தண்ணீர் ஊற்றிய பிறகு 5,000 தாண்டியது. நாடாவில் உரசும் களையையும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட் கைப்பிடி சுத்த மோசம். வெயிலில் பிளாஸ்டிக் வெடித்துவிட்டது. அதைவிட மோசம், கொக்கியைக் கழற்றிய பிறகும் கையில் இருக்கும் நாடாவில் மின்சாரம் இருந்தது. மறு கையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு அதை வைத்து என்ன செய்வது? வயரிங்கை மாற்றி, நாம் திறக்கும் முனைக்கு மின்சாரம் வராதபடி செய்தேன். குதிரையை நடத்திப் போகும் இடத்தில் இப்போது மரக்கேட்தான்.

எந்த வேலி போட்டாலும் காலண்டரும் வேண்டும். பெட்டைக்குச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள், அதில் ஐந்து முதல் ஏழு நாள் பருவம். அந்த நாட்களில் அந்தப் பெட்டையைத் தூரத்து மேய்ச்சலுக்கு மாற்றிவிடுகிறேன். துணையில்லாமல் தனியாக விட்டால் வேலியோரம் ஓடி ஓடியே இளைத்துவிடும், அதனால் கூட ஒன்று போகும். குட்டி போட்ட ஒரு வாரம், பத்து நாளிலேயே மறுபடி பருவம் வரும். அதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். தாயோடு மேயும் ஆண் குட்டி ஒரு வயதை நெருங்கினால் அதையும் பிரித்துவிடுங்கள். வேலி வெளியே நிற்பவனைத்தான் தடுக்கும்.

எனர்ஜைசரும் நாடாவும் மறுபடி வாங்குவேன். எர்த் கம்பியும் கைப்பிடியும் தனியாக, நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். டெஸ்டர் செட்டில் வராது, அதையும் சேர்த்து.