வேலூர் வெயிலில் கேமிங் லேப்டாப்: ரேமில் சுகம், இரண்டாவது எஸ்எஸ்டியில் எரிச்சல்

"அண்ணா, 8 ஜிபி ரேமோட வாங்கிட்டேன், முதல்ல எதை மாத்தலாம்?" என்று காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். என் கேமிங் லேப்டாப்போடு இரண்டு கோடை தாண்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

ரேமில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். ஒற்றை 8 ஜிபி ஸ்டிக் இருந்தால் அதே வேகத்தில் இன்னொன்றைப் போடுங்கள். அளவு கூடுவதைவிட டூயல் சேனல், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வது, கிடைப்பதுதான் பெரிய லாபம். விளையாட்டு நடுவில் திக்கித் திக்கி நிற்பது நன்றாகவே குறையும். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, ஸ்டிக்கின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. ஸ்டிக்கைச் சாய்வாக முழுக்கச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். டிடிஆர்5 என்றால் முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பயந்து பவர் பட்டனை அமுக்காதீர்கள்.

எரிச்சல், கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியில்தான். இரண்டாவது எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) உண்டு என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். திறந்தால் திருகும் இல்லை, சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேடும் இல்லை. திருகு இல்லாவிட்டால் எஸ்எஸ்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், சூட்டில் பசை இளகிவிடும். எம்2 அளவில் (2 மில்லிமீட்டர் தடிமன்) 3 மில்லிமீட்டர் நீளத் திருகு பெரும்பாலும் பொருந்தும். மொபைல் சர்வீஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பேட் விஷயம் அதைவிட முக்கியம். கத்திரியில் இங்கே வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஏசி இல்லாத அறையில் லேப்டாப் ஃபேன் இழுப்பதே சூடான காற்று. காற்று படாத மூலையில் கிடக்கும் எஸ்எஸ்டி, பெரிய கேம் ஒன்றைக் காப்பி செய்யும்போது 70 டிகிரியை எட்டி, சூடு இன்னும் ஏறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பேடின் தடிமனை ஊகித்து வாங்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் கிளேயில் மிளகளவு உருட்டி, மெல்லிய பாலித்தீனில் பொதிந்து எஸ்எஸ்டி மேல் வைத்து, மூடியை அமுக்கிவிட்டுத் திறந்தால் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதைவிடத் தடிமனான பேட் எஸ்எஸ்டியை வளைக்கும், மெல்லியது எதையும் தொடாது. மேலே தொடுவது உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பயனில்லை. பேடின் இரு பக்கப் படலத்தையும் உரிக்க மறந்துவிட்டு 'பேட் வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய.

மூடும்போது நீளத் திருகைக் குட்டைத் திருகின் துளையில் இறக்கினால் கீபோர்டு பக்கம் புடைத்துக்கொள்ளும். ஒரு தாளில் மூடியின் படம் வரைந்து, கழற்றிய திருகை அந்தந்த இடத்திலேயே வையுங்கள்.

இரண்டு வருடத்தில் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இதே மாடலை வாங்கச் சொல்லி யாருக்கும் சொல்ல மாட்டேன். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு ஒரு திருகைக்கூடப் போடவில்லையே!