மதுரையிலிருந்து மெய்நிகர் சைக்கிள் பந்தயம்: செயலி, இணைப்பு, நேரம் – ஓர் ஒப்பீட்டு அலசல்

அழகர்கோவில் சாலையிலும் நத்தம் சாலையிலும் சைக்கிள் பயிற்சி செய்பவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதியில் பயிற்சி காலை ஏழரை மணியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெயிலும் கனரக வாகனங்களும் சாலையை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளை ஸ்மார்ட் ட்ரெய்னரில் (மிதிக்கும் வலுவை அளந்து செயலிக்கு அனுப்பும் பயிற்சித் தாங்கியில்) பூட்டி, திரையில் பந்தயம் ஓட்டுவோர் இங்கும் கூடிவருகிறார்கள். புதிதாகச் சேர விரும்புபவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: எந்தச் செயலி நல்லது, எந்த இணைய இணைப்பு நல்லது. இரண்டுக்கும் விடை சொல்லலாம். ஆனால் மதுரையில் இருப்பவர் முதலில் ஒப்பிட வேண்டியது பந்தயங்களின் நேரத்தை என்பதே என் கருத்து. ஏனெனில் தூக்கமும் ஓய்வும் அதைப் பொறுத்தே அமைகின்றன, செயலித் தேர்வு பிறகு ஏறத்தாழ தானாகவே முடிந்துவிடுகிறது.

மெய்நிகர் பந்தயங்களின் கூட்டம் ஐரோப்பிய மாலையில்தான் மிகுதி. மத்திய ஐரோப்பாவில் மாலை ஏழு மணி என்பது நமக்குக் கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் இரவு 11.30. பிரிட்டனின் மாலை ஏழு மணி இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி வரும். ஜப்பானின் இரவு எட்டு மணி நமக்குப் பிற்பகல் 4.30, சிட்னியின் மாலை ஏழு மணி 1.30 அல்லது 2.30. அமெரிக்கக் கிழக்குக் கரையின் இரவு எட்டு மணியோ கோடையில் நமக்கு அதிகாலை 5.30, குளிர்காலத்தில் அதே 5.30க்கு அங்கே மாலை ஏழு மணிதான் ஆகியிருக்கும். ஆக, மதுரையில் வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு உண்மையில் கிடைப்பவை இரண்டு: ஐரோப்பியரோடு நள்ளிரவை ஒட்டி ஓட்டுவது, அல்லது அமெரிக்கரோடு விடியலில் ஓட்டுவது.

ஐரோப்பியப் பந்தயத்தில் போட்டியாளர் எண்ணிக்கை அதிகம்; நம் வேகத்துக்கு இணையானவர்கள் நிறையக் கிடைப்பார்கள்; செயலியும் கணக்கில் கொள்ளும் காற்று மறைவில், கூட்டத்தோடு ஒண்டிச் செல்லும் கலையைக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் 11.30க்குத் தொடங்கி ஒரு மணி நேரம் உச்ச முயற்சியில் ஓட்டியவருக்கு இறங்கியவுடன் தூக்கம் வருவதில்லை. உடல் வெப்பமும் இதயத்துடிப்பும் தணியவே நெடுநேரமாகும். குளித்து, உண்டு, படுக்கும்போது இரண்டு மணியாகிவிடும். மதுரையின் மாடி அறைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை அந்த வெப்பத்தை இரவில்தான் உள்ளே விடுகிறது. இரவு 11 மணிக்கு வெளியே காற்று தணிந்திருந்தாலும் அறைக்குள் புழுக்கம் இருக்கும். அதே அறை விடியற்காலையில்தான் மிகக் குளிர்ந்த நிலையில் இருக்கிறது.

வெப்பம் வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சைக்கிள் மிதிக்கும் உடலின் செயல்திறன் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம். பெடலில் 200 வாட் வெளிப்படுத்துபவர் கூடவே 600 முதல் 800 வாட் வெப்பத்தையும் வெளியிடுகிறார். சூடான இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிதிப்பதற்கு ஒப்பானது இது. சாலையில் எதிர்க்காற்று அந்த வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அறையில் மின்விசிறி மட்டுமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். காற்று போதாதபோது உடல் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப, அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். இதனால் இரண்டு தீங்குகள். பந்தயத்தின் பிற்பகுதியில் வலு குறையும். முடிந்த பின் மீண்டெழ அதிக நேரம் பிடிக்கும். கூரை விசிறி இதற்குப் போதாது. முகத்துக்கும் மார்புக்கும் நேராக வீசும் பெரிய நிற்கும் விசிறி ஒன்றும், முதுகுப் பக்கம் இன்னொன்றும் வைப்பது, விலை உயர்ந்த ட்ரெய்னருக்கு மாறுவதைவிட அதிகப் பயன் தரும்.

செயலிகளில் ஸ்விஃப்ட், மைவூஷ், ரூவி ஆகிய மூன்றையும் ஒப்பிடலாம். 2020 டிசம்பரில் உலக சைக்கிள் சங்கமான யூசிஐ நடத்திய முதல் மெய்நிகர் உலக வாகையர் போட்டி ஸ்விஃப்டில்தான் நடந்தது. அதில் வென்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் உண்மையில் படகுப் போட்டி வீரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். 2024இல் அதே போட்டி அபுதாபியில், மைவூஷ் செயலியில் நடந்தது. அப்போதும் அவரே வென்றார். ஒருவரே இரு தளங்களிலும் வென்றதிலிருந்து, திரை மாறினாலும் கால் மாறுவதில்லை என்று ஊகிக்கலாம்.

ஸ்விஃப்டின் பலம் அதன் கூட்டம். எந்த நேரத்தில் திறந்தாலும் ஏதோவொரு பந்தயம் காத்திருக்கும்; அமெரிக்கரோடு விடியலில் ஓட்ட விரும்புபவருக்கும் போதிய ஆட்கள் சேர்வார்கள். பலவீனம் அதன் கட்டணம். மாதம் 19.99 டாலர் என்பது நம் பணத்தில் 1,700 ரூபாய்க்கு மேல். பல வீடுகளில் இணைய இணைப்புக்கே அவ்வளவு செலவாவதில்லை. மைவூஷ் முற்றிலும் இலவசம். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்குப் பரிசுப் பணமும் உண்டு. கூட்டம் குறைவு என்பதால், ஒதுக்குப்புறமான நேரங்களில் நம் தரத்துக்கு ஏற்ற போட்டியாளர் கிடைக்காமல் போகலாம். வளைகுடா நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரமே பின்னால் என்பதால், அந்தப் பகுதியினருக்காக வைக்கப்படும் பந்தயங்கள் நமக்கு ஓரளவு ஒத்துவரும். ரூவி உண்மைச் சாலைகளின் காணொளி மீது ஓட்டவைப்பது. பந்தயத்தைவிட மலைப்பாதைப் பயிற்சிக்கு அது பொருத்தம். சிறுமலையின் 18 கொண்டைஊசி வளைவுகளில் ஏறிப் பழகியவருக்கு ஸ்விஃப்டின் 21 வளைவு ஏற்றம் ஓவியம் போலத் தோன்றினால், ரூவியின் காணொளி மனத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

புதியவர் மைவூஷில் தொடங்கட்டும். விடியல் பந்தயங்களில் ஆள் போதவில்லை என்று தெரிந்த பின்னரே ஸ்விஃப்டுக்குப் பணம் கட்டலாம். எந்தச் செயலியானாலும் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. பந்தயப் பிரிவுகளைப் பிரிப்பதில் உடல் எடைக்கு ஏற்ற வாட் இன்னமும் முக்கிய இடம் வகிக்கிறது. ஒரு கிலோவுக்கு 3 வாட் கொடுக்கும் 58 கிலோ எடையாளர் 174 வாட்டில் ஓட்டுவார். அதே பிரிவில் 80 கிலோ எடையாளர் 240 வாட்டில் ஓட்டுவார். சமதளத்தில் மொத்த வாட்டுக்கே மதிப்பு என்பதால் மெலிந்தவர் பின்தங்கிவிடுவார். நம் பக்கத்துச் சைக்கிள்காரர்களில் பலர் மெலிந்தவர்கள். அவர்கள் சமதளப் பந்தயத்தில் திணறிவிட்டுத் தங்கள் உடற்தகுதியை நொந்துகொள்வதைவிட, ஏற்றம் உள்ள பாதைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இணைய இணைப்பைப் பற்றிய கவலை பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது. ஸ்விஃப்டும் மைவூஷும் காட்சிகளை நம் கருவியிலேயே வரைகின்றன. வலைவழியாக வந்துபோவது மற்ற ஓட்டுநர்களின் இருப்பிடமும் வேகமும் போன்ற சிறு தரவு மட்டுமே. இதற்கு 30 எம்பிபிஎஸ் திட்டமே தாராளம். 300 எம்பிபிஎஸ் வாங்குவதால் ஒரு வாட்டும் கூடாது. காணொளியை வரவழைக்கும் ரூவிக்கு மட்டும் வேகம் ஓரளவு தேவை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் பார்ப்பதுபோல் பிங் எண்ணை (தரவு போய்வரும் தாமதத்தை) பார்த்துக் கவலைப்பட வேண்டியதுமில்லை. தேவைப்படுவது அறுபடாத இணைப்பு. நடுவில் அரை நிமிடம் அறுந்தால் நம் ஓட்டம் பதிவாகிக்கொண்டே இருக்கும், ஆனால் சுற்றியிருந்த கூட்டம் திரையிலிருந்து மறைந்துவிடும். அதோடு காற்று மறைவும் போய்விடும், பந்தயம் அங்கேயே முடிந்த மாதிரிதான்.

இந்த அளவுகோலில் பார்த்தால், பெரிய நிறுவனத்தின் ஃபைபர், உள்ளூர்க் கேபிள்காரர் தரும் ஃபைபர், 5ஜி ஏர்ஃபைபர், கைபேசி ஹாட்ஸ்பாட் ஆகிய நான்கில் முதல் இரண்டையே நம்பலாம். அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. இரண்டும் மின்கம்பத்திலும் மொட்டைமாடிகளிலும் தொங்கி வரும் அதே கண்ணாடி இழைதான். உயரமாகப் பாரம் ஏற்றிவரும் லாரி இரண்டையும் அறுக்கும். அழகர்கோவில் பக்கம் குரங்குகளும் பாரபட்சம் காட்டுவதில்லை. வேறுபாடு சரிசெய்ய வருபவரில் இருக்கிறது. உள்ளூர்க்காரர் கூப்பிட்ட அன்றே ஏணியோடு வந்துவிடுவார். பெரிய நிறுவனத்தில் புகார் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கலாம், ஆனால் அவர்களின் பின்புல வலை பொதுவாக உறுதியானது. யாரிடம் வாங்கினாலும், பொருத்த வருபவரிடம் இழைவழி வந்துசேரும் ஒளியின் அளவைக் காட்டச் சொல்ல வேண்டும். மைனஸ் 27 டிபிஎம் (ஒளி வலுவின் அலகு) என்பது பெரும்பாலான ஃபைபர் பெட்டிகள் தாங்கும் கீழ் எல்லை. மைனஸ் 25க்கும் கீழே போய்விட்டால் இழையில் மடிப்போ மோசமான ஒட்டோ இருக்கிறது என்று கொண்டு அப்போதே சரிசெய்ய வைப்பது நல்லது. 5ஜி ஏர்ஃபைபர் கம்பியே வராத இடங்களுக்கு நல்ல மாற்று. ஆனால் கோபுரத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள் கூடும் மாலை நேரத்தில் அது தடுமாறலாம். விடியலில் ஓட்டுபவருக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

வீட்டுக்குள் வந்த பின் நேரும் தடங்கல்களில் பலவற்றுக்கு வைஃபையே காரணம். ட்ரெய்னரும் இதயத்துடிப்புப் பட்டையும் பேசும் புளூடூத், ஆன்ட் பிளஸ் ஆகிய இரு கம்பியில்லா இணைப்பு முறைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன; வைஃபையும் அங்கேயே இருந்தால் நெரிசல்தான். ஆன்ட் பிளஸ் 2457 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால், ரௌட்டரின் 2.4 வைஃபையை ஒன்றாம் சேனலுக்கு மாற்றினால் இரண்டும் விலகிக்கொள்ளும். மடிக்கணினியில் ஆன்ட் பிளஸ் டாங்கிளை (யூஎஸ்பி வாங்கியை) செருகுபவர்கள் அதை நீட்டிப்பு வயரில் ட்ரெய்னர் அருகே கொண்டுவருவது நல்லது. யூஎஸ்பி 3 துளைகள் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பக்கூடியவை. இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது, ரௌட்டரிலிருந்து மாடி அறைக்கு ஒரு கேட்-6 நெட்வொர்க் வயர் இழுத்துவிடுவது.

மின்சாரத்திலும் நேரக் கணக்கே முன்னுக்கு வருகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் நேரத்தில்தான் அறிவிக்கப்படும். ஆகவே ஜப்பானிய, ஆஸ்திரேலியப் பந்தயங்களை நம்பி வார விடுமுறை எடுத்தவர் ஏமாறலாம், விடியல்காரருக்கு அந்தக் கவலை இல்லை. எதிர்பாராத தடைக்கு இன்வெர்ட்டர் இருந்தாலும், அது சாதாரண நிலையில் இருந்தால் மாறும் கணத்தில் ரௌட்டர் அணைந்து மீண்டும் தொடங்கக்கூடும். யூபிஎஸ் நிலைக்கு மாற்றிவைக்க வேண்டும், அல்லது ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றைப் பொருத்த வேண்டும். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் டைரக்ட் டிரைவ் ட்ரெய்னரை டயரில் அழுத்தும் வகையோடு ஒப்பிடும்போது, வாட் அளவீட்டின் துல்லியத்தைவிட அமைதியே இங்கே எனக்குப் பெரிதாகப் படுகிறது: காலை ஐந்தரை மணிக்குக் கீழ்வீட்டாரை எழுப்பாமல் ஓட்டலாம். கீழே தடித்த ரப்பர் விரிப்பு இருந்தால் அதிர்வும் குறையும்.

ஓய்வைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டை எஃப்டிபி என்கிறோம். அந்த அளவில் ஒரு மணி நேரம் ஓட்டினால் உடல் ஏற்கும் பயிற்சிச் சுமையை 100 புள்ளிகள் என்று கணக்கிடுகிறார்கள். மெய்நிகர் பந்தயம் குறுகியதாயினும் முதல் நிமிடத்திலேயே முழுவேகத்தில் கிளம்புவதால், உடல் அதைச் சாலைப் பயிற்சியைவிடக் கடுமையாக உணரும். சகிப்புத்தன்மைப் போட்டி வீரர்களின் பயிற்சிப் பழக்கங்களை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பயிற்சிகளை எளிதாகவும் ஒரு பங்கைக் கடுமையாகவும் அவர்கள் வைத்திருப்பதைக் கண்டார். வாரத்துக்கு ஐந்தாறு முறை ஓட்டுபவருக்கு இதன்படி ஒரு பந்தயமே முறை. தூக்கம் நன்றாக இருக்கும் வாரத்தில் இரண்டு வரை போகலாம். திரைப் பந்தயத்தில் வாசல் தாண்ட வேண்டியதில்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை என்பதால் மூன்று, நான்கு என்று நழுவிப்போவது எளிது.

பந்தயத்துக்கு மறுநாளைக்கு மூன்று வழிகள் உள்ளன: முழு ஓய்வு, எஃப்டிபியில் 55 சதவீதத்துக்குக் குறைவான மெல்லிய மிதிப்பு, அல்லது தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது. மெல்லிய மிதிப்பு புத்தகத்தில் நல்லது. திரையில் யாராவது முந்திச் செல்லும்போது அதே மெல்லிய வேகத்தில் இருக்க எல்லோராலும் முடிவதில்லை. எர்க் முறையில் (ட்ரெய்னரே குறித்த வாட்டைப் பிடித்துவைக்கும் முறையில்) வாட்டைப் பூட்டிவைத்தாலோ, செயலியைத் திறக்காமலேயே அரை மணி மிதித்தாலோ மட்டுமே அது ஓய்வாகும். இல்லையெனில் நடையே மேல். நள்ளிரவில் ஓட்டியவருக்கு இம்மூன்றில் முழு ஓய்வைத் தவிர எதுவும் பொருந்தாது. அவர் முதலில் ஈடுகட்ட வேண்டியது தூக்கத்தை.

இழந்த நீரை ஈடுகட்டுவதில், பந்தயத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது எளிய வழி: ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு; வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே கல்லுப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ அந்த வேலையைக் குறைந்த செலவில் செய்துவிடும். ஜிகர்தண்டாவை வென்ற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.