மார்த்தாண்டம் பக்கத்து லேஸ் கடையும் அர்மீனிய முடிச்சு விரிப்பும்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை செல்லும் வழியில், சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஓர் ஊரில், விதவைகளும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களும் சேர்ந்து நடத்தும் லேஸ் கடை ஒன்று இருக்கிறது. திருவிருந்து மேசை விரிப்பு, பிரசங்க பீடத் துணி, ஞானஸ்நான உடை ஆகியவற்றுக்காகக் குமரி மாவட்டத்துச் சபைகளிலிருந்தும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் இங்கு வருகிறார்கள். அண்மையில் இவர்கள் அர்மீனிய முடிச்சு லேஸ் என்ற புதிய வகையை விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காக அதில் ஒரு மேசை விரிப்பையும் சில வட்ட விரிப்புகளையும் வாங்கினேன். அந்த லேஸ் எந்தத் துன்பத்தின் நடுவே பிழைப்பாக மாறியது என்பதைக் கூறும் நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றும் ஒவ்வொரு விரிப்போடும் வருகிறது. துணி, அறிக்கை ஆகிய இரண்டையும் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியவை உள்ளன.

நம் பகுதிக்கு லேஸ் புதிதன்று. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்; அடிமைகளாயிருந்த பெண்கள் இந்தக் கைத்தொழிலின் வருமானத்தால் தங்கள் விடுதலைக்கு விலை கொடுத்த வரலாறு நம் சபைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அந்த லேஸ், திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னப்படுவது. அர்மீனிய முறையில் திண்டும் இல்லை, குச்சியும் இல்லை. ஒரு தையல் ஊசியும் ஒரு நூலும் போதும். நடுவில் ஒரு சிறு வளையத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றிக் கண்ணிகளைச் சேர்த்து, ஒவ்வொரு கண்ணியையும் முந்தைய சுற்றின் கண்ணியோடு முடிச்சிட்டு இறுக்கிக்கொண்டே போக வேண்டும். இதனால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பின்னல் முழுவதும் உருவிக்கொண்டு போய்விடுவதில்லை. ஊரும் வீடும் இழந்து நடந்துபோன ஒரு பெண்ணுக்கு, வேறெந்தக் கருவியும் இல்லாமல் கையில் எடுத்துச்செல்லக்கூடிய தொழில் இதைப்போல் இன்னொன்று இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நான் வாங்கிய வட்ட விரிப்புகளின் வேலைப்பாடு மிக நன்றாக இருக்கிறது. கண்ணிகள் ஒரே அளவில் அமைந்திருக்கின்றன. பின்பக்கம் புரட்டிப் பார்த்தாலும் நூல்முனை தெரியவில்லை. துவைத்து, இலேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்த பிறகும் வட்டம் கோணவில்லை. மேசை விரிப்பைப் பற்றி அதே அளவுக்குச் சொல்ல முடியவில்லை. கையால் செய்த லேஸ் ஓரத்தை நடுத்துணியோடு தையல் இயந்திரத்தில் இணைத்திருக்கிறார்கள். முதல் துவைப்பில் துணி சுருங்க, லேஸ் சுருங்காமல் நிற்க, இணைப்பு முழுவதும் நெளிந்துவிட்டது. துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைத்துத் தைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கடையில் சொன்னபோது மறுப்புச் சொல்லாமல் வாங்கிப் பிரித்து, கையாலேயே தைத்துத் தந்தார்கள். அதற்குக் கட்டணமும் பெறவில்லை. விலை இயந்திர லேஸைவிடப் பலமடங்கு அதிகம்தான், ஆனால் ஒரு கையகல விரிப்புக்கே எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் பேரம் பேசமாட்டார்கள்.

இனி அறிக்கை. 1895 டிசம்பர் இறுதியில், ஒட்டோமன் துருக்கியரின் ஆட்சியின் கீழிருந்த ஊர்ஃபா நகரில் அர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்டதையும், பேராலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் அங்கேயே எரிக்கப்பட்டதையும், கொரின்னா ஷாட்டக் என்ற அமெரிக்க மிஷனரி தம் வளாகத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதையும் அது சுருக்கமாகச் சொல்கிறது. உயிர்தப்பிய விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் அவர் ஊசிவேலையையும் கைக்குட்டைத் தொழிலையும் ஏற்படுத்தி, அவற்றை வெளிநாடுகளில் விற்க வழிசெய்தார். அடுத்து 1915-ன் இனப்படுகொலை, அதன்பின் 1,32,000 அநாதைகளைப் பராமரித்த அமெரிக்காவின் அண்மைக் கிழக்கு நிவாரண அமைப்பு, ஆலெப்போவில் அடிமைப்பட்டுக் கிடந்த பெண்களையும் சிறுவர்களையும் மீட்ட டென்மார்க்கின் கேரன் யெப்பே, லெபனானில் 'பறவைக்கூடு' என்னும் அநாதை இல்லத்தை நடத்திய மரியா யாக்கோப்சென் என்று செய்திகள் தொடர்கின்றன. இவை அனைத்தும் உண்மை; எளிய தமிழில், கண்ணியமாக எழுதப்பட்டிருக்கின்றன. லெபனானின் கஸீர் இல்லத்தில் ஏறத்தாழ 400 சிறுமிகள் நாற்பத்துநான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகளிட்டு நெய்த கம்பளம், 1925-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கு நன்றியாக அளிக்கப்பட்ட செய்தியை எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இந்த அறிக்கையிலிருந்துதான் முதன்முதலாக அறிந்தார்கள்.

ஆனால் நான்கு பக்கங்களிலும் அர்மீனியர்கள் கைநீட்டிப் பெறுகிறவர்களாக மட்டுமே வருகிறார்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த லேஸ் மிஷனரிகள் கொண்டுவந்த கலை அன்று; அந்தப் பெண்களின் தாய்மாரும் பாட்டிமாரும் செய்துவந்தது. மிஷனரிகள் சந்தையைத் தேடித் தந்தார்கள். கலை அந்தப் பெண்களுடையதாகவே இருந்தது. அர்மீனியர்கள் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை அரசின் சமயமாக ஏற்றவர்கள். தங்களுக்குள் ஒருவரையொருவர் தாங்குவதற்கு அவர்களுக்குப் பிறர் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 1906-ல் கெய்ரோவில் போகோஸ் நுபார் முதலியோர் தொடங்கிய அர்மீனியப் பொது நல ஒன்றியம் இன்றுவரை பள்ளிகளையும் நிவாரணத்தையும் நடத்திவருகிறது. 14 வயதில் இறந்த மகன் ஹோவர்டின் நினைவாக நியூயார்க்கின் கம்பள வணிகக் குடும்பமான காராகூசியன் குடும்பத்தினர் 1921-ல் அமைத்த அறக்கட்டளை, முதலில் அநாதைகளைப் பேணியது. பின்னர் பெய்ரூட்டின் பூர்ஜ் ஹம்மூதில் மருத்துவ மையம் நடத்தி, சிரியாவிலிருந்து தப்பிவந்தவர்களுக்கும் சமய வேறுபாடு பாராமல் சிகிச்சை அளிக்கிறது. அகதிகளின் பேரப்பிள்ளைகள் அகதிகளுக்கு மருந்து கொடுக்கும் இந்தச் செய்தியை அல்லவா அறிக்கையின் நடுப்பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்!

நமக்கு இன்னும் அருகிலேயே சான்று உண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-ல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்துத் தந்தவருமான கோஜா பெத்ருஸ் உஸ்கான் ஓர் அர்மீனிய வணிகர். அந்தப் படிகளில் ஏறிய நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். அவர் பெயரை அறிந்தவர்கள் சிலரே. கேரள எல்லைக்கு அப்பாலிருந்து இந்தக் கடைக்கு வரும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையாரும் அர்மீனியத் திருச்சபையும் ஒரே திருச்சபைக் குடும்பம் என்பதும், 1965-ல் அடிஸ் அபாபாவில் அவர்களுடைய தலைவர்கள் ஒன்றாக அமர்ந்தார்கள் என்பதும் அறிக்கையில் இடம்பெற்றிருந்தால், வாங்குகிறவர்களுக்கு அது தூரத்து மக்களின் கதையாகத் தோன்றியிராது.

அறிக்கை 1920-களோடு நின்றுவிடுவதும் குறைதான். 1988 டிசம்பரில் ஸ்பிடாக்கிலும் கியூம்ரியிலும் ஏறத்தாழ 25,000 பேரைக் கொன்ற நிலநடுக்கமும், 2023 செப்டம்பரில் ஒரு வாரத்துக்குள் அர்மீனியர்கள் வாழ்ந்துவந்த நாகோர்னோ கராபாக் பகுதியை விட்டு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அர்மீனியாவுக்குள் வந்துசேர்ந்ததும் அதில் இல்லை. இன்று ஜெபிக்க வேண்டியவர்களைப் பற்றிப் படிக்காமல், நூறாண்டுக்கு முந்தைய துயரத்துக்கு மட்டும் கண்ணீர் விட்டு விரிப்பை மடித்து வைப்பது போதாது.

கடைப் பொறுப்பாளரிடம் இன்னொன்றையும் சொன்னேன். அறிக்கையில் மிஷனரிகளின் பெயர்கள் உள்ளன. கஸீர் சிறுமிகளில் ஒருத்தியின் பெயரும் இல்லை. இந்த விரிப்பைப் பின்னிய நம் ஊர்ப் பெண்ணின் பெயரும் இல்லை. பெயரைப் போட அந்தப் பெண்கள் சம்மதித்தால் ஒவ்வொரு விரிப்போடும் ஒரு சிறு சீட்டு வைக்கலாம் என்றேன். அடுத்த பதிப்பில் பார்ப்பதாகச் சொன்னார். கேட்ட விதத்தில் அக்கறை தெரிந்தது. கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேட்டபோதும் தயங்காமல் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அந்த வெளிப்படைத்தன்மை எனக்கு மிகுந்த மதிப்பைத் தந்தது.

வட்ட விரிப்புகளைத் தயங்காமல் வாங்கலாம். மேசை விரிப்பு வேண்டுமானால், நடுத்துணியை நனைத்துக் காயவைத்த பின்னரே வெட்ட வேண்டும் என்றும், லேஸைக் கையால்தான் இணைக்க வேண்டும் என்றும் ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்குத் தேவையென்றால் ஓணத்துக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது. கேரளச் சபைகளின் ஆர்டர்கள் அதற்குப் பிறகு குவிந்துவிடுகின்றன, அவசரப்படுத்தினால் அந்தப் பெண்கள் இரவில் கண்விழித்துப் பின்ன வேண்டியிருக்கும்.