ரேம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: ஒரு ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி அரை மாதச் சம்பளத்தை இழந்தேன்

நேற்று இரவுதான் கடைசிப் பதில் வந்தது. "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, இனி எங்களால் ஒன்றும் செய்ய முடியாது." அவ்வளவுதான். அரை மாதச் சம்பளம் போயே போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். லினக்ஸில் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ்) ரேமைச் சோதிக்கும் முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

யார் வேண்டுமானாலும் கடை போட்டு விற்கக்கூடிய ஆன்லைன் சந்தை ஒன்றில் வாங்கினேன். 16 ஜிபி மாட்யூல் (ரேம் பலகை) இரண்டு, டிடிஆர்4 தலைமுறை, வேகம் 3200, பேர்போன கம்பெனி, சீல் பிரிக்காத புதுசு என்று போட்டிருந்தது. வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம், "நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன், மாட்யூல் விவரம் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். பத்தே நிமிடத்தில், கம்ப்யூட்டரின் வன்பொருள் விவரங்களைக் காட்டும் டிஎம்ஐடிகோட் என்ற லினக்ஸ் கமாண்டின் வெளியீட்டை ஸ்க்ரீன்ஷாட்டாக அனுப்பினார். கறுப்புத் திரையில் அளவு 16 ஜிபி, வேகம் 3200, கம்பெனி பெயர். இந்தக் கமாண்டைத் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். நம்பியது அந்த ஒரு நொடியில்தான். படம் கம்பெனி பெயரோடு வெட்டப்பட்டிருந்தது. டிஎம்ஐடிகோட்டில் அதற்கு அடுத்த வரியே சீரியல் நம்பர். அது ஏன் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பார்சல் வந்தது. மாட்டிப் பார்த்தால் டிஎம்ஐடிகோட்டில் ரேமுக்கான 17ஆம் வகைப் பட்டியலில் வேகம் 2400, கம்பெனி இடத்தில் 'அன்னோன்'. கேட்டேன். "பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்யுங்கள் சார்" என்றார் விற்பவர். பயாஸ் என்பது ஓஎஸ்ஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டு மென்பொருள், எக்ஸ்எம்பி என்பது மாட்யூலுக்குள் எழுதி வைத்திருக்கும் அதிவேக அமைப்பு. இது அபத்தமான பதில் இல்லை, அதுதான் கொடுமை. டிடிஆர்4 மாட்யூல்கள் பல, எக்ஸ்எம்பி போடும்வரை குறைந்த வேகத்தில்தான் ஓடும். பயாஸ் முழுக்கத் தேடினேன். எக்ஸ்எம்பி என்ற வரியே வரவில்லை. மாட்யூலுக்குள் அந்தப் ப்ரொஃபைல் எழுதப்பட்டிருந்தால்தானே பயாஸ் காட்டும்!

மறுபடி கேட்டேன். "லினக்ஸில் அப்படித்தான் தப்பாகக் காட்டும்" என்றார்கள். இதிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. டிஎம்ஐடிகோட் மாட்யூலைத் தொட்டுப் படிப்பதில்லை. பயாஸ் எழுதி வைத்த அட்டவணையைத்தான் ஒப்பிக்கிறது. பயாஸுக்குத் தெரியாத கம்பெனி என்றால் 'அன்னோன்' என்று வருவதும் உண்டு. சரி, மாட்யூலின் விவரங்களைத் தன்னுள் வைத்திருக்கும் எஸ்பிடி சிப்பையே நேராகப் படித்துவிடலாம் என்று, அதற்கான டிகோட்-டிம்ஸ் கமாண்டை ஓட்டினேன். கண்டுபிடித்த மாட்யூல்கள்: 0.

அந்தச் சைபரில்தான் என் நாட்கள் போயின. பத்து நாள் ரிட்டர்ன் காலத்தில் ஆறு நாள், வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். அந்தச் சிப்போடு பேசும் மதர்போர்டுப் பாதையை (பஸ்) இயக்கும் ஐ2சி-ஐ801 ட்ரைவர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன், ஏறியிருந்தது. பழைய வழிகாட்டிகளில் 'ஈஈப்ராம்' என்ற ட்ரைவரைச் சொல்கிறார்கள். அது டிடிஆர்3 வரைக்கும்தான். டிடிஆர்4 எஸ்பிடி 512 பைட், இரண்டு பக்கமாகப் பிரித்தது. அதற்கு இஇ1004 என்ற ட்ரைவர் வேண்டும். அதை ஏற்றியும் சைபர்தான்! என்னுடைய கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.4. அந்தப் பதிப்பு மாட்யூல்களைத் தானாகப் பதிவு செய்வதில்லை. அந்தப் பஸ்ஸில் பதினாறடிமான (ஹெக்ஸ்) 50 முதல் 57 வரை உள்ள முகவரிகளைப் பார்த்தபோது 51, 53 இரண்டிலும் சிப் இருந்தது. அந்த முகவரிகளை, புதுச் சிப்பைக் கர்னலுக்குச் சொல்லும் 'நியூ_டிவைஸ்' கோப்பில் கையால் எழுதிய பிறகுதான் திரை நிறைந்தது.

அதிகபட்ச வேகம் 2400. கம்பெனி பெயர் நான் கேள்விப்படாதது. தயாரிப்புத் தேதி 2017, 31ஆவது வாரம். புதுசாம்! இரண்டு மாட்யூலுக்கும் ஒரே சீரியல் நம்பர், ஒரு இலக்கம்கூட மாறவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி அடித்திருக்கிறார்கள். தரவு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சிஆர்சி சரிபார்ப்பு மட்டும் 'ஓகே' என்று வந்தது. டிடிஆர்4இல் அந்தச் சரிபார்ப்பு கம்பெனி, தேதி, சீரியல் இருக்கும் பைட்டுகளைத் தொடுவதே இல்லை, அதனால் அதை நம்பாதீர்கள். கழற்றி விளக்கடியில் பிடித்தேன். ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கியிருந்தது. நகத்தால் மெல்ல உரித்தால் அடியில் வேறொரு ஸ்டிக்கர், அதில் 2400.

எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினேன். முதலில் "விண்டோஸ் போட்டுப் பாருங்கள் சார்". ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பூட் செய்து, எந்த ஓஎஸ்ஸும் இல்லாமலே அதே விவரம் வருவதைக் காட்டினேன். "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். இரண்டு நாள் மௌனம். பதினொன்றாம் நாள், "ஸ்டிக்கர் சேதமாகியிருப்பதால் ரிட்டர்ன் எடுக்க முடியாது". சந்தையின் உதவி மையமோ விற்பவரிடம் பேசச் சொல்கிறது, விற்பவர் உதவி மையத்திடம் பேசச் சொல்கிறார். நடுவில் என் அரை மாதச் சம்பளம்.

முறையை வரிசையாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். ஸ்க்ரீன்ஷாட் கேட்டால் சீரியல், பார்ட் நம்பர் வரிகளோடு கேளுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஸ்டிக்கரைத் தொடாதீர்கள். டிகோட்-டிம்ஸ் சைபர் காட்டினால் முதலில் ட்ரைவரைப் பாருங்கள்: டிடிஆர்4க்கு இஇ1004, டிடிஆர்5க்கு எஸ்பிடி5118. எஸ்பிடி சிப்புக்குள் எதையும் எழுதிப் பார்க்காதீர்கள், மாட்யூலே போய்விடலாம். முக்கியமாக, மூன்றாம் நாளுக்குள் உங்களுக்கு விவரம் தெளிவாகவில்லை என்றால் முதலில் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள், ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.