விடியற்காலை 4.30க்கு ஓர் இணைய வகுப்பு

அமெரிக்காவில் லத்தீனோ சமூகத்தவர் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) பல்கலைக்கழகத் தலைமைக்கு எந்த வழியாக வந்தார்கள் என்று சொல்லித்தரும் நான்கு வார வகுப்பு. அங்கே கிழக்குக் கரையில், கோடையில், மாலை 7 மணி என்றால் இலங்கை மலையகத்தில் எங்கள் டிக்கோயாவில் விடியற்காலை 4.30. எங்கள் வீட்டில் வாசற்படியில்தான் சிக்னல் எடுக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் தேத்தண்ணியோடு படியில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் வாரம் வெறும் அறிமுகம். தவற விட்டாலும் குறையில்லை.

இரண்டாம் வாரத்துக்காகவே சேரலாம். தோமஸ் ரிவேரா டெக்சாஸில் பிறந்தவர். பெற்றோர் பண்ணைக் கூலிகள். அறுவடை எங்கே இருக்கிறதோ அங்கே குடும்பமே போகும், இவரும் வேலை செய்தார். பிறகு பள்ளி ஆசிரியர், கலாநிதிப் பட்டம், பல்கலைக்கழக நிர்வாகம். 1979இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத் தலைவர். அந்த அமைப்பில் அப்பதவிக்கு வந்த முதல் மெக்சிக்க அமெரிக்கர். 1984இல் பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இந்தப் பாடம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் படியிலேயே இருந்தேன். நான் படிப்பிக்கும் உயர்தர (ஏ.எல்.) வகுப்புப் பிள்ளைகளிடம் கதையைச் சொன்னபோது ஒருத்தி, "சேர், அவங்களும் லயத்துலயா இருந்தாங்க?" என்று கேட்டாள். (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.)

மூன்றாம் வாரம் பெண்கள். 1986இல் டெக்சாஸில் ஒரு கல்லூரித் தலைவரான ஜூலியட் கார்சியா, 2023இல் 23 வளாகங்கள் கொண்ட கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தரான மில்ட்ரெட் கார்சியா. (இருவரும் உறவில்லை, நானும் குழம்பினேன்.) விரிவுரையாளர், துறைத் தலைவர், பீடாதிபதி, அதற்கு மேலே கல்விப் பொறுப்பைப் பார்க்கும் துணைத் தலைவர் என்று ஏணியைப் படிப்படியாகக் காட்டினார்கள். தெரிவுக்குழு விளம்பரம் போட்டு ஆள் தேடும், நேர்காணல் நடத்தும், ஆட்சிக்குழு முடிவெடுக்கும். நம் நாட்டில் பல்கலைக்கழகப் பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்க, ஜனாதிபதி ஒருவரை உபவேந்தராக, அதாவது பல்கலைக்கழகத்தை நடத்தும் தலைவராக, நியமிப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறையப் புரியும்.

நான்காம் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை. தன்னம்பிக்கை, தன்னம்பிக்கை என்றே ஒரு மணித்தியாலம். ரிவேராவுக்குக் குறைவாக இருந்தது தன்னம்பிக்கையா? ஏணியின் முதல் படிக்கு வந்து சேர யார் கைகொடுத்தார்கள், செலவை யார் பார்த்தார்கள் என்று கேள்விப் பெட்டியில் எழுதினேன். பதில் இல்லை.

திரையின் அடியில் தமிழ் எழுத்தோட்டம் (சப்டைட்டில்) இருக்கிறது, ஆனால் இயந்திர வேலை. கல்லூரித் தலைவரை 'கல்லூரி ஜனாதிபதி' என்று போடுகிறது. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

பாடங்களைப் பார்க்கக் காசு இல்லை, சான்றிதழுக்கு மட்டும்தான் கட்டணம். பதவி உயர்வுக்கு அது செல்லுமா என்று வலயக் கல்விப் பணிமனையில் முதலில் விசாரியுங்கள். நான் காசைக் கட்டிவிட்டுத்தான் விசாரித்தேன். செல்லாதாம்.